நம் பிள்ளைகளில் சிலர் ஆக்குபேஷனல் தெரபி படிக்கட்டும்



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு நம் மஹல்லாக்கள் காட்டும் வழிகள் மிகக் குறைவு. நீட் தேர்வில் வென்றால் மருத்துவம், தோற்றால் மறுபடியும் நீட். அதுவும் முடியாவிடில் பொறியியல், செவிலியம், அல்லது வளைகுடா நாட்டு விசா. ஜமாஅத்துகளின் கல்வி உதவித்தொகையும் பெரும்பாலும் இதே தடத்தில்தான் ஓடுகிறது. ஆக்குபேஷனல் தெரபி என்ற சொல்லைத் தாமாக எடுத்துப் பேசிய பெற்றோர் ஒருவரையும் நாம் இதுவரை சங்கரன்கோவிலில் சந்தித்ததில்லை. ஆனால் நோயாளிகளை நலம் விசாரிக்கச் சென்று வரும் வீடுகளில், அந்தச் சிகிச்சை கிடைத்திருந்தால் வாழ்க்கையே வேறுவிதமாக அமைந்திருக்கும் என்ற நிலையில் இருப்பவர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒரு பக்கம் தேவை, மறுபக்கம் அறியாமை. இந்த இடைவெளியைச் சமுதாயம் நிரப்ப முடியும் என்பதே நமது கருத்து.

முதலில் பெயரைப் பற்றி. இதைத் தமிழில் சிலர் தொழில்வழிச் சிகிச்சை என்கின்றனர். சிலர் செயல்முறை மருத்துவம் என்று எழுதுகின்றனர். 'தொழில்' என்ற சொல்லைக் கேட்டதும் இது ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இங்கே தொழில் என்பது சம்பாத்தியம் மட்டுமன்று. பல் துலக்குவது, சட்டைப் பொத்தானை மாட்டுவது, சோறு பிசைந்து உண்பது, கழிப்பறைக்குச் சென்று வருவது, எழுதுவது, சமைப்பது, தறி ஓட்டுவது, உளூச் செய்வது, தொழுவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஒரு மனிதனின் அன்றாடத்தை நிறைக்கும் செயல்கள் எவையோ, நோயோ விபத்தோ பிறவிக் குறையோ அவற்றைப் பறித்துக்கொள்ளும்போது, திரும்ப மீட்டுத் தருவதும், மீட்க இயலாதவற்றுக்கு மாற்றுவழி கண்டு கொடுப்பதும் இத்துறையின் பணி.

பிசியோதெரபி இருக்கும்போது இது எதற்கு என்று ஜமாஅத் பொறுப்பாளர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊரின் வாழ்வோடு இணைந்த விசைத்தறியை வைத்தே இதை விளக்கலாம். ஐம்பது வயதுத் தறிக்காரர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை, வலக்கால் விழுந்துவிடுகின்றன. இயன்முறை மருத்துவர் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் பயிற்சி அளித்து அவரை எழுந்து நடக்கவைக்கிறார். மாபெரும் உதவி அது. இரண்டு மாதத்தில் அவர் கம்பை ஊன்றி வாசல் வரை வருகிறார். ஆனால் அவர் இன்னும் மனைவி ஊட்டிவிடும் சோற்றைத்தான் உண்கிறார். கைலியைத் தானே கட்ட முடியவில்லை. இடக்கையால் உண்ணக் கூசி, விருந்துகளுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். சுத்தம் பேணுவதில் ஐயம் ஏற்பட்டு, ஜும்ஆவுக்கு வருவதும் நின்றுபோகிறது. நடக்கத் தெரிந்த ஒருவர் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுவிட்டார். இந்த இடத்தில்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நுழைகிறார்.

அவர் செய்வதைக் கேட்டால் மிக எளிமையாகத் தோன்றும். செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, நல்ல கையைப் பிறகு நுழைக்க வேண்டும். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. கைலியை முடிச்சுப் போட முடியாதவருக்கு இடுப்பில் எலாஸ்டிக் தைத்துக் கொடுக்கலாம். தட்டு நகராதிருக்க அடியில் ஈரத்துணி விரிக்கலாம்; சோறு வெளியே சிந்தாதிருக்க விளிம்பு உயர்ந்த தட்டைத் தரலாம். குழாயைத் திருக முடியாதவருக்கு நீள்பிடிக் குழாய் பொருத்தலாம். உட்கார்ந்து உளூச் செய்ய எந்த உயரத்தில் பலகை வேண்டும், எந்தப் பக்கம் சுவரில் கைப்பிடி வேண்டும் என்பதை வீட்டுக்கே வந்து அளந்து சொல்வார். பார்ப்பவருக்கு இவை பாட்டி வைத்தியக் குறிப்புகள் போலத் தெரியலாம். ஆனால் மூளையின் எப்பகுதி பாதிக்கப்பட்டது, அவர் தம் உடலின் ஒரு பாதியை உணர்கிறாரா, செயலின் வரிசை அவர் நினைவில் நிற்கிறதா, விரல்கள் இறுகிப்போகும் அபாயம் உள்ளதா என்பதையெல்லாம் சோதித்தறிந்த பின்னரே அந்த ஒரு சிறு குறிப்பு பிறக்கிறது. அதற்குத்தான் ஆண்டுக்கணக்கான படிப்பு.

அவர் செய்யும் மற்றொரு காரியம் நம் குடும்பங்களுக்குக் கசப்பானது. ஊட்டாதீர்கள் என்பார். பாவம் என்று சொல்லி எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்தபடியே காலம் கழிக்கும் தாய்மாரை நாம் அறிவோம்; அவர்களின் பொறுமைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆயினும் அந்தப் பிள்ளை தானே ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டு செல்வதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும் என்றால், அந்த ஐந்து நிமிடமும் தாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும் படித்த ஒருவர் தேவை. நாம் சொன்னால் கல்நெஞ்சர் என்பார்கள்.

இத்துறையின் வரலாறு நெடியதன்று. 1917-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு சிலர் கூடிச் சங்கம் அமைத்தனர். முதலாம் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பிய சிப்பாய்கள் இத்துறையை வளர்த்தனர். அக்காலத்தில் இச்சிகிச்சையின் முக்கியக் கருவிகள் கூடை முடைதலும் மரவேலையும் நெசவும்! விரல்களுக்கும் மனத்துக்கும் ஒருங்கே பயிற்சி தரும் என்பதற்காகக் கைத்தறிகளை மருத்துவமனைக்குள் கொண்டு வந்தார்கள். தறிச் சத்தத்தோடு வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இத்துறை அந்நியமாகத் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இதைக் கொண்டு வந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த அப்பெண்மணி, 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் அகில இந்தியச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு தோன்றிய உலகக் கூட்டமைப்பை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எனவே இத்துறையில் நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அல்லர்.

தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அங்கே ஒரு விசித்திரத்தைச் சந்தித்தார். கை சரியான ஒருவர் திரும்பி வந்து, இப்போது யாரும் தமக்குப் பிச்சை போடுவதில்லை, வேலை தருவாரும் இல்லை என்று முறையிட்டார். அறுவை சிகிச்சை வென்றுவிட்டது, வாழ்க்கை தோற்றுவிட்டது. அதன் பிறகே அவர்களுக்கு மரவேலை முதலிய தொழில்களைக் கற்றுத்தரும் குடியிருப்பு அங்கே உருவானது. பிராண்டிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தொன்றில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார்.

பால் பிராண்டிடம் வந்த அந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது, அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் கொண்டுவரச் செய்து, நபி (ஸல்) அவர்கள் அவற்றை ஏலம் விட்டு, கோடரி வாங்கச் செய்து, அதற்குத் தம் கையாலேயே பிடி பொருத்திக் கொடுத்து விறகு வெட்ட அனுப்பினார்கள் என்பது அச்செய்தி. இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தி சட்டத்துறையினர் ஆதாரமாகவே எடுத்தாளும் ஒன்று. போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியால் மூக்குப் பொருத்திக்கொண்டார். அது துர்நாற்றம் எடுத்தது. ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அவருக்கு அனுமதி தந்தார்கள். உடலின் குறையை ஈடுசெய்யும் கருவிக்காகச் சட்டமே இடம் விட்டுக் கொடுத்த நிகழ்வு அது. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராய் இருந்ததை நாம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். நம் பள்ளிவாசல் ஹவுளுக்குச் சக்கர நாற்காலி போகுமா என்று மேடையிலிருந்து இறங்கிய பின் யாரும் பார்ப்பதில்லை.

படிப்பின் விவரத்துக்கு வருவோம். பி.ஓ.டி. எனப்படும் இளநிலைப் பட்டம் நெடுங்காலமாக நான்காண்டு வகுப்பும் ஆறு மாத உள்ளுறைப் பயிற்சியுமாக நடந்து வந்தது. உடற்கூறு, உடலியங்கியல், நரம்பியல், எலும்பு மருத்துவம், குழந்தை நலம், உளவியல், மனநல மருத்துவம் ஆகியவற்றோடு, கைகளுக்கான ஸ்பிளிண்ட் செய்வதும் பாடம். சுடுநீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கையில் வைத்தே வடிவமைக்கும் அந்த வேலை அரைத் தச்சு, அரைத் தையல் போன்றது. மற்றொரு முக்கியப் பாடம், ஒரு செயலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்வது. தேநீர் குடிப்பது என்ற ஒரே செயலில் கண், கை, தோள், கவனம், நினைவு, வரிசை அறிவு எத்தனை இடங்களில் வேலை செய்கின்றன என்று மாணவர் எழுத வேண்டும். தஜ்வீத் கற்பிக்கும்போது ஒவ்வோர் எழுத்தின் பிறப்பிடத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறோமே, ஏறக்குறைய அதே ஒழுங்கு இது. இவற்றோடு, குறைந்தது 1000 மணி நேரம் நோயாளிகளிடையே மேற்பார்வையுடன் பணிசெய்து பழக வேண்டும் என்று உலகக் கூட்டமைப்பு விதித்துள்ளது. அதன் பிறகு விரும்புவோர் நரம்பியல், குழந்தை நலம், கை மறுவாழ்வு, மனநலம் போன்ற பிரிவுகளில் இரண்டாண்டு முதுநிலை பயிலலாம்.

அமெரிக்காவில் முதுநிலைப் பட்டமோ முனைவர் நிலைப் பட்டமோ பெற்ற பின்னரே இத்தொழிலுக்குள் நுழைய இயலும். 2027 முதல் முனைவர் நிலைதான் கட்டாயம் என்று 2017-ல் அங்கே அறிவித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் அதைக் கைவிட்டு, இரு வழிகளையும் அப்படியே விட்டார்கள். நம் நாட்டில் இளநிலைப் பட்டத்தோடு நேரே நோயாளியிடம் செல்லும் வழி இருப்பது நல்லதே என்பது நம் எண்ணம். முதுநிலை முடித்தவர்கள் பெருக வேண்டும், உண்மைதான்; ஆசிரியர்களாகவும் ஆய்வாளர்களாகவும் அவர்கள் தேவை. ஆனால் நுழைவாயிலின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஏழை வீட்டுப் பிள்ளை அதை எட்ட மாட்டான். எட்டியவன் நம் ஊருக்குத் திரும்ப மாட்டான்.

பயிற்சியில் நமக்கு ஒரு குறை தெரிகிறது. வேலூர், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். என்று நமக்குத் தெரிந்த கல்லூரிகள் யாவும் இங்கிருந்து தொலைவில் உள்ளவை. பாடநூல்கள் பெரும்பாலும் மேலைநாட்டவை. அவற்றில் வரும் நோயாளி மேசையில் அமர்ந்து முட்கரண்டியால் உண்பவர், தொட்டியில் குளிப்பவர். நம் நோயாளி தரையில் சம்மணமிட்டு உண்பவர், குந்தி அமர்ந்து கழிப்பவர், ஒரு நாளில் ஐந்து முறை கை கால் முகம் கழுவுபவர், ஸஜ்தாவில் நெற்றி பதிக்க ஏங்குபவர். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது ஹதீஸில் தெளிவாக உள்ள சலுகை. தரையில் அமர்வது அவர் இடுப்புக்குத் தீங்கா, நாற்காலி போதுமா, எழும்போது எந்தக் கையை ஊன்ற வேண்டும் என்பதை மார்க்கச் சட்ட நூல் சொல்லாது. மருத்துவ நூலும் சொல்லாது. வலக்கை செயலற்றவர் இடக்கையால் உண்பதில் குற்றமில்லை என்று நாம் சொல்லலாம். அதை எப்படி உண்பது என்று அவர் கற்பிக்க வேண்டும். இரண்டையும் அறிந்த ஒருவர் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய ரஹ்மத்! நம் பிள்ளைகள் இத்துறைக்குள் செல்ல வேண்டும் என்று நாம் வலியுறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே. பீடி சுற்றும் பெண்ணின் விரல்வலியையும் நாள் முழுதும் தறிக்கருகே நிற்பவரின் தோள்வலியையும் அந்த வேலையைக் கண்ணால் கண்டவரே சரியாகப் பிரித்தறிவார்.

அப்படியொரு கல்வி நம் பக்கத்தில் நடக்கவே முடியாதா என்றால், நம் தென்காசி மாவட்டத்தின் ஆயிக்குடியைப் பாருங்கள். பொறியியல் மாணவராயிருந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1975-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-ல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்குச் சூட்டினார். தசைச்சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் சங்கரராமன் அவருடன் கைகோத்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அச்சங்கத்தின் செயல்முறையில் நம்மைக் கவர்வது யாதெனில், கிராமத்துப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் பிற வல்லுநர்களும் அவர்களுக்குப் பின்நின்று வழிகாட்டுகிறார்கள். வளர்ச்சி தாமதமான குழந்தையை ஆறு வயதில் பள்ளி சேர்க்கும்போது கண்டுபிடிப்பதற்கும், முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு முழு வாழ்க்கையின் அளவுடையது. நம் மஹல்லாக்களிலிருந்து எத்தனை பேர் ஆயிக்குடி வரை சென்று பார்த்திருக்கிறோம்?

அரசின் பக்கமும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள், நல்ல திட்டம். அந்தக் குழுவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் இடம்பெற வேண்டும் என்று கோருவது நியாயமே. உலக வங்கிக் கடனுதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்களில் இச்சிகிச்சையும் வழங்கப்படுகிறது. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11.8 லட்சம் பேர். மையங்களைத் திறப்பது எளிது. அவற்றில் அமர்த்த ஆட்கள் வேண்டும். 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்துறைக்கும் பதிவேடும் பாடத்தரமும் வகுக்க வழி செய்துள்ளது. நெல்லைச் சீமையில் அரசே இக்கல்லூரியைத் தொடங்கினால், தென்மாவட்டப் பிள்ளைகள் விடுதிக் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியிராது.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை செல்வது ஆகியவற்றைக் கற்பிக்கும் சிகிச்சையில், பெண் நோயாளிக்குப் பெண் சிகிச்சையாளர் எவ்வளவு அவசியம் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆண் சிகிச்சையாளர் என்பதாலேயே பாதியில் நிறுத்திவிட்ட பெண்கள் நம் உறவுகளிலேயே இருக்கிறார்கள். அதே நேரத்தில், பயிற்சியின்போது ஆண் நோயாளிகளையும் பார்க்க வேண்டுமே என்று தந்தையர் தயங்குகின்றனர். சிகிச்சையின் அவசியத்துக்காக மார்க்கம் எவ்வளவு இடமளிக்கிறது என்பது ஃபிக்ஹ் நூல்களில் பேசப்பட்ட விஷயமே. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில்தான் சேர்க்கச் செய்தார்கள். பேணுதலுடன் படிக்கட்டும். நம் வீட்டுப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும், ஆனால் நம் வீட்டுப் பெண் படிக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை.

படித்தால் வேலை கிடைக்குமா? பெருநகர மருத்துவமனைகளிலும் ஆட்டிசம் குழந்தைகளுக்கான மையங்களிலும் கிடைக்கிறது, வெளிநாடுகளிலும் வாய்ப்புண்டு. சிற்றூர்களில் தொடக்க ஊதியம் குறைவே. இதைச் சொல்லாமல் பிள்ளைகளைச் சேர்ப்பது நேர்மையாகாது. அதனால்தான் ஜமாஅத் பொறுப்பேற்க வேண்டும் என்கிறோம். தகுதியுள்ள ஏழை மாணவருக்கு ஜகாத்திலிருந்தே கட்டணம் செலுத்தலாம். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு நம் வட்டாரத்தில் பணிசெய்வது என்ற வாக்குறுதியை அன்போடு கேட்டுப் பெறலாம். ஆனால் அதை ஜகாத்துக்கு நிபந்தனையாக்கக் கூடாது. இரண்டு மூன்று மஹல்லாக்கள் சேர்ந்தால் ஒரு சிறு சிகிச்சை அறைக்கு வாடகையும் ஊதியமும் திரட்டுவது பெரிய காரியமன்று. எல்லாச் சமயத்தவருக்கும் அக்கதவு திறந்திருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். மாநில அரசின் துணைமருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் பி.ஓ.டி.யும் உண்டு, அரசு ஒதுக்கீட்டு இடங்களில் முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் பொருந்தும். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் அவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுமையாகப் படித்த பின்னரே விண்ணப்பியுங்கள். சேருமுன், கல்லூரிக்கு உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் உள்ளதா, சொந்த மருத்துவமனை உள்ளதா, உள்ளுறைப் பயிற்சியை எங்கே தருகிறார்கள் என்று நேரில் கேளுங்கள். இயன்றால் ஒரு நாள் ஆயிக்குடிக்குச் சென்று அங்குள்ள பணியை அருகிருந்து பாருங்கள். அதன் பிறகும் மனம் விரும்பினால் விண்ணப்பம் போடுங்கள்.